அப்பாவோடு ஜப்பானில் ஒரு ராத்திரி ரயிலில் தூங்க வேண்டும், எந்த வண்டி?

இன்சீன்_கிழக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கூனில் இன்சீன் பக்கம் இருக்கிறேன். என் தங்கை மூன்று வருடமாக ஜப்பானில், தோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வருகிற திஞ்சான் புத்தாண்டு லீவில் அப்பாவையும் என்னையும் வரச் சொல்லி, வேண்டிய பேப்பரெல்லாம் அனுப்பிவிட்டாள். விசா வருவதும் வராததும் காளியம்மன் கையில், அதை விடுங்கள்.

விஷயம் அப்பாவைப் பற்றியது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், 71 வயது. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பழைய டீசல் வண்டிகளுக்கு நம் தண்டவாளத்துக்குத் தகுந்த மாதிரி சக்கரத்தை நெருக்கிப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அவர்களுடைய அகலம் 1067 மில்லிமீட்டர், நம்முடையது 1000. எங்கள் வீட்டில் யாராவது தெரியாமல் 67 என்று வாயெடுத்தால் போதும், அரை மணி நேரம் போச்சு. ஒரு பக்கம் முப்பத்து மூன்றரை, இன்னொரு பக்கம் முப்பத்து மூன்றரை, இரண்டு விரல் அகலம்கூட இல்லை, அதைத் தப்பாகப் போட்டால் வண்டி கீழே கிடக்கும் என்று ஆரம்பித்துவிடுவார். ரிட்டயர் ஆன பிறகும் காலையில் மொகிங்கா சாப்பிட்ட கையோடு ஸ்டேஷனுக்குப் போய், யாங்கூனைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் எந்தப் பெட்டி ஓடுகிறது எது படுத்துவிட்டது என்று பார்த்துவிட்டு வருவார்.

இப்போது அவருக்கு ஒரே ஆசை, ஜப்பான் ரயிலில் ஒரு ராத்திரி தூங்கி எழ வேண்டுமாம். ஃபேஸ்புக்கில் யாரோ "ஏழு நட்சத்திரம்" என்று ஒரு வண்டியின் வீடியோவைப் போட, அதைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறார். உள்ளே பியானோ எல்லாம் இருக்கிறது. இங்கே ஒரு டிராவல் ஏஜென்டிடம் விசாரித்தேன், அவர் சொன்ன தொகையைக் கேட்டு போனை வைத்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.

அந்த வண்டியில் போக நம்மைப் போன்றவர்களுக்கு வழி உண்டா? இல்லையென்றால் வேறு எது? முழங்கால் வலி இருப்பதால் ஏணியில் ஏற முடியாது. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார், மீன் கோழி பரவாயில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நகோயா_தம்பி எழுதியது:

அண்ணே, நான் பெகு ஊர்க்காரன்தான், இப்போது நகோயாவில் ஒரு ஃபேக்டரியில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வழி இல்லை. இருந்தாலும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் வண்டி கியூஷூ ரயில்வேயுடையது, 2013 அக்டோபரில் ஓட ஆரம்பித்தது. ஏழு நட்சத்திரம் என்றால் ஓட்டல் தரம் இல்லை, கியூஷூவில் ஏழு மாகாணம், வண்டியிலும் ஏழு பெட்டி, அந்தக் கணக்கு. ஆரம்பத்தில் 14 அறை இருந்தது, 2022இல் மாற்றிக் கட்டி அதை 10 ஆக்கிவிட்டார்கள். ஏழு பெட்டி வண்டியில் மொத்தம் 20 பேர்தான், பாருங்கள். நம்மூர் வட்ட ரயிலில் ஒரு கதவோரத்தில் அத்தனை பேர் நிற்பார்கள். மூன்று ராத்திரிப் பயணம் ஒரு ஆளுக்குப் பத்து லட்சம் யென்னைத் தாண்டும். அதையும் கையில் வைத்துக்கொண்டு போனால் கொடுத்துவிட மாட்டார்கள், விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

இதே சாதியில் இன்னும் இரண்டு உண்டு, இரண்டுமே 2017இல் வந்தவை. ஒன்று கிழக்கு ஜப்பான் கம்பெனியின் ஷிகிஷிமா, தோக்கியோ உயெனோ ஸ்டேஷனிலிருந்து கிளம்பும். அதற்கென்றே 13க்கும் 14க்கும் நடுவில் "பதிமூன்றரை" என்று ஒரு பிளாட்ஃபாரம் வைத்திருக்கிறார்கள், சத்தியமாக. வடிவமைத்தவர் ஃபெராரி கார் வரைந்த ஒகுயாமா. உள்ளே ஒரு அறையில் ஹினோக்கி மரத்தில் செய்த குளியல் தொட்டி இருக்கிறது, ஓடுகிற வண்டியில் கழுத்து வரை வெந்நீரில் உட்காரலாம். மற்றது மேற்கு ஜப்பானின் மிசுகாசே, அதில் ஒரு பெட்டி முழுக்க ஒரே ஒரு அறை.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. இவை பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை அண்ணே. ஹகாடாவில் ஏறினால் ஹகாடாவிலேயே இறங்கலாம், உயெனோவில் ஏறினால் உயெனோ. நடுவில் நிறுத்திச் சாப்பாடு போடுவார்கள், பானை செய்கிற இடம் காட்டுவார்கள். ராத்திரி ரயில் என்றால் ஒரு ஊரில் படுத்து இன்னொரு ஊரில் விழிக்க வேண்டாமா? உங்கள் அப்பா கேட்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படி தினமும் ஓடும் படுக்கை வண்டி ஜப்பானில் இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம், சன்ரைஸ். 1998 முதல் ஓடுகிறது. ராத்திரி 9:50க்குத் தோக்கியோவில் 14 பெட்டியோடு கிளம்பும், காலை ஆறரை வாக்கில் ஒகயாமாவில் இரண்டாகப் பிரிந்து, ஏழு பெட்டி தகமாட்சுவுக்கும் ஏழு பெட்டி இசுமோவுக்கும் போகும். நாளைக்கு நைட் ஷிஃப்ட், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.


மோல்மீன்காரி எழுதியது:

போன வருடம் சன்ரைஸில் தகமாட்சு வரை போனேன், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் போனது நோபினோபி என்கிற இடத்தில். அதில் கட்டணம் குறைவு, ஏனென்றால் அது சட்டப்படி படுக்கையே இல்லை, சீட்டு. கம்பளம் விரித்த தரை, மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, தலைமாட்டில் மட்டும் ஒரு சின்னத் தடுப்பு, ஒரு குட்டி ஜன்னல், மெல்லிய விரிப்பு ஒன்று. மெத்தை கிடையாது. எனக்குச் சின்ன வயதில் சம்பா அரிசி மூட்டை மாதிரி வரிசையாகக் கல்யாண வீட்டு ஹாலில் படுத்த ஞாபகம்தான் வந்தது. தலையணை வேண்டுமென்றால் நாமே கொண்டு போக வேண்டும், நான் ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பாட்டி, முறைப்படி பூப்போட்ட தலையணையோடு வந்திருந்தார், என் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

71 வயதுக்காரருக்கு, அதுவும் முழங்கால் வலியோடு, இது சரிப்படாது. ஒரு ராத்திரி தரையில் படுத்துவிட்டுக் காலையில் எழுந்தால் அதோடு டூர் முடிந்தது. தனி அறை எடுங்கள். சன்ரைஸ் ட்வின் என்று ஒன்று உண்டு, இரண்டு கட்டில் பக்கத்தில் பக்கத்தில், ஏணி இல்லை. ஆனால் ஏழு பெட்டிக்கு நாலே அறைதான், கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் ஆளுக்கொரு சிங்கிளோ சோலோவோ எடுத்துக்கொண்டு அப்பாவுக்குக் கீழ்த்தட்டு அறையாகப் பார்த்துப் போடுங்கள். கீழ்த்தட்டில் இன்னொரு வேடிக்கை, ஜன்னல் பிளாட்ஃபாரத்தின் தரை மட்டத்தில் இருக்கும், ஸ்டேஷனில் நிற்கும்போது நமக்கு எதிரே வெறும் செருப்புக் காலாகத் தெரியும்.

சாப்பாடு கிடையாது. டைனிங் கார் இல்லை, ஒரு மெஷினில் தண்ணீர், ஜூஸ் கிடைக்கும், அவ்வளவுதான். தோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே ரயில் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே மீன் போட்டதாக வாங்கிக்கொள்ளுங்கள். தங்கை கூட இருந்தால் பிரச்சினை இல்லை, அவள் படித்துச் சொல்வாள், ஏனென்றால் பார்த்தால் கோழி மாதிரி இருப்பது மாடாக இருக்கும். குளிக்க வேண்டுமென்றால் ஏறினவுடனே ஷவர் கார்டு வாங்க ஓடுங்கள், 330 யென், கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அதைப் போட்டால் 6 நிமிடம் தண்ணீர் வரும். சுவரில் எண் குறைந்துகொண்டே வரும், நிறுத்தி நிறுத்தி உபயோகிக்கலாம். நான் தலையில் சோப்புப் போட்டுக்கொண்டு அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தேன், வீட்டில் இருக்கும்போது தண்ணீரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

தூக்கம் எப்படி என்று கேட்டால், நம் மாண்டலே வண்டியில் அப்பர் ஸ்லீப்பரில் போனவர்களுக்குத் தெரியும், வண்டி ஓடுகிறதா குதிக்கிறதா என்று. நான் ஒரு தடவை நிஜமாகவே படுக்கையை விட்டுத் துள்ளி விழுந்திருக்கிறேன். இங்கே அந்த மாதிரி எதுவும் இல்லை, ஒரே சீராகத் தாலாட்டுகிற மாதிரி, அதனாலேயே எனக்கு ஏதோ குறைந்த மாதிரி இருந்தது என்று வையுங்கள். ஒகயாமாவில் வண்டியைப் பிரிக்கும்போது பாதிப் பேர் பைஜாமாவோடு இறங்கி வந்து போன் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பாவைக் கட்டாயம் எழுப்புங்கள். அப்புறம் செட்டோ பாலம், 1988இல் திறந்தது, கீழே தீவு தீவாகக் கடல், அந்த நேரம் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். தகமாட்சுவில் 7:27க்கு இறங்கி ஒரு கிண்ணம் உதோன் நூடுல்ஸ். அந்த ஊரே அதற்குத்தான் பெயர் போனது.


பழைய_கார்டு எழுதியது:

தம்பி, பிள்ளைகள் எல்லாம் நல்ல நல்ல யோசனை சொல்கிறார்கள், நான் ஒரு கிழவன் குறுக்கே வருகிறேன், கோபிக்காதீர்கள்.

ஜப்பான் ரயில் என்று கேட்டாலே எங்கள் வீட்டில் வேறு ஞாபகம். எங்கள் அப்பா தன்பியூசயாத் பக்கத்துக்காரர். ஜப்பான்காரன் காலத்தில் "வேர்வைப் படை" என்று பெயர் வைத்து ஆள் பிடித்தார்கள், மலாயாவிலிருந்து நம் தமிழ் ஆட்களைத் தோட்டம் தோட்டமாக ஏற்றி வந்தார்கள். 1942இலும் 43இலும் தன்பியூசயாத்திலிருந்து சயாம் (தாய்லாந்து) வரை 415 கிலோமீட்டர் லைன் போட்டார்கள், ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காவது வரிசையாகக் கல்லறை இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். நம் ஆட்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். எங்கள் அப்பா கடைசி வரை அந்த லைன் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

தன்பியூசயாத்தில் ஒரு ஜப்பான் நீராவி இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், சி 56 என்ற வகை. அதே வகையில் ஒன்று தாய்லாந்தில் ஓடிக்கொண்டிருந்ததை 1979இல் ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டு போய், ஓய்காவா என்கிற மலை லைனில் டூரிஸ்ட் வண்டி இழுக்க விட்டார்கள். குழந்தைகள் கை காட்டிச் சிரித்துக்கொண்டு போகிற வண்டி. இதை நான் ஒரு பத்திரிகையில் படித்தபோது என்ன நினைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பேத்தியும் அங்கேதான் ஒசாகாவில் இருக்கிறாள், நல்லபடியாக வைத்திருக்கிறார்கள், மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். உங்கள் அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், ஒர்க்‌ஷாப்காரர் என்றால் ஒருவேளை எனக்குத் தெரிந்தவராகக்கூட இருப்பார். நான் கார்டாக ஓடியது பெகு, மர்தபான் லைனில், பாலம் வருவதற்கு முன்னால், மோல்மீன் போக அக்கரைக்கு ஃபெர்ரி பிடித்த காலம்.


மாண்டலே_அக்கா எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போட மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்திலும் ஒருவர் திரும்பி வரவில்லை.

நகோயா தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்தப் பெரிய வண்டிகளை "எங்கேயும் போவதில்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். நான் சில வருடம் பகானிலும் மாண்டலேயிலும் ஜப்பான் டூரிஸ்ட்டுகளுக்கு கைடாக இருந்தவள், அதில் வயதான தம்பதி ஒருவர் ஏழு நட்சத்திரத்தில் போய்விட்டு வந்தவர்கள். அவர்களுக்கு ஞாபகம் இருந்தது சாப்பாடும் பியானோவும் இல்லை. வழி நெடுக வயலில் வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வீட்டு மாடியில் துணி காயப்போடும் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கை அசைத்தார்களாம். அந்த அம்மா சொல்லும்போதே அழுதுவிட்டார். கியூஷூவில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, வண்டி வரும் நேரம் பார்த்து வந்து நிற்பார்கள்.

இன்னொன்று, அந்த வண்டியின் அறைகளில் முகம் கழுவும் பீங்கான் தொட்டி இருக்கிறதே, அதைச் செய்தவர் பதினான்காம் ககியேமோன், அரித்தாவில் நானூறு வருடமாகப் பீங்கான் செய்யும் வம்சத்தில் வந்தவர். வண்டி ஓட ஆரம்பிக்கும் முன்பே 2013இல் இறந்துவிட்டார், கடைசியாகச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. வாய் கொப்பளிக்கிற இடத்தில் அப்படி ஒரு கைவேலை. வீண் ஆடம்பரம் என்று சொல்லலாம், சரி. ஆனால் ஆள் குறைந்து போன ஊர்களில் லைனை மூடிவிடாமல் வைத்திருக்க ஏதாவது ஒரு சாக்கு வேண்டாமா? நம் ஊரில் மூடின பிறகு யாராவது திறந்திருக்கிறார்களா?

படுக்கை வண்டிகள் ஏன் போய்விட்டன என்பதற்கும் அவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். புல்லட் ரயிலும் விமானமும் ராத்திரி பஸ்ஸும் ஒரு பக்கம் இருக்கட்டும். 1987இல் ஜப்பான் ரயில்வேயைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கம்பெனிகள் ஆக்கிவிட்டதால், ஒரு ராத்திரியில் மூன்று நாலு கம்பெனி எல்லையைத் தாண்டிப் போகிற வண்டிக்கு யாரும் புதுப் பெட்டி செய்ய விரும்பவில்லை. பெட்டி கிழடானது, வண்டியும் நின்றது. வடக்கே ஹொக்கைதோ போகும் ஹொகுதோசெய் 2015இல் நின்றது, காசியோபியா அடுத்த வருடம் வாடிக்கை ஓட்டத்தை நிறுத்தி, அப்புறம் டூர் வண்டியாக இழுத்துக்கொண்டிருந்துவிட்டு 2025இல் ஒரேயடியாகப் போய்விட்டது.


டீசல்_பூனை எழுதியது:

இன்சீன் அண்ணே, எல்லோரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு நேராக சம்பந்தப்பட்டது. நான் யாங்கூனில் வட்ட ரயிலில் பெட்டி நம்பர் எழுதிக்கொண்டு அலைகிற கிறுக்கன், அதனால் இது எனக்குத் தெரியும்.

அப்பா சக்கரம் மாற்றிப் போட்ட வண்டிகளில் கிஹா 40 வகை இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். நாம் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்பிஇ என்று சொல்லிவிடுகிறோம். இங்கே வந்த பிறகும் பக்கவாட்டில் ஜப்பான் எழுத்தில் "ஒன்-மேன்" என்று, அதாவது கண்டக்டர் இல்லாமல் டிரைவர் மட்டும் ஓட்டும் வண்டி என்று, அழிக்காமலே விட்டிருப்பார்கள். இங்கே அதே பெட்டியில் டிரைவர், கார்டு, டிக்கெட் பரிசோதகர், கடலை விற்கிறவர், காடை முட்டை விற்கிறவர் எல்லோரும் இருப்பார்கள், அது வேறு. கி என்றால் டீசல் பெட்டி, ஹா என்றால் சாதாரண வகுப்பு. நம் அ, ஆ, இ மாதிரி அவர்கள் பழைய வரிசையில் இ, ரோ, ஹா என்று வரும், அதில் ஹா மூன்றாவது. ஏழு நட்சத்திரப் பெட்டிகளுக்குப் பல காலமாக யாரும் தொடாமல் வைத்திருந்த முதல் எழுத்தான இ-யைத் திரும்ப எடுத்து எழுதினார்கள்.

இந்தக் கிஹா 40 குடும்பத்தில் 1977 முதல் 1982 வரை 888 பெட்டி கட்டினார்கள். இன்ஜின் 220 குதிரைத்திறன், பெட்டியோ நல்ல கனம், மேட்டில் மூச்சு வாங்கும், அப்பா இதையும் சொல்லியிருப்பார். இப்போது கவனியுங்கள். இவற்றில் சில பெட்டி தேவையில்லை என்று கழித்துவிடப்பட்டுக் கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. கியூஷூ கம்பெனி கழிக்காமல், அதே குடும்பத்துப் பெட்டிகளை மிதோக்கா எய்ஜி என்ற வடிவமைப்பாளரிடம் கொடுத்தது. ஏழு நட்சத்திரத்தை வடிவமைத்தவரும் அதே மனிதர்தான். அவர் உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மரம் அடித்து, சீட்டை ஜன்னல் பக்கம் திருப்பி, டூரிஸ்ட் வண்டி ஆக்கிவிட்டார். பத்து லட்சம் யென் வண்டி இல்லை, எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் சீட்டு ரிசர்வேஷனும் இருந்தால் ஏறலாம்.

ஒன்று இபுசுகி நோ தமாதேபாகோ, 2011இலிருந்து ககோஷிமாவுக்கும் இபுசுகிக்கும் நடுவில் ஓடுகிறது, ஒரு மணி நேரம்கூட இல்லை. மூலம் அதே குடும்பத்து கிஹா 47. வண்டியை நெடுக்காக இரண்டாகப் பிரித்த மாதிரி கடல் பக்கம் வெள்ளை, மலைப் பக்கம் கறுப்பு. கடலடி அரண்மனையிலிருந்து திரும்பி வந்த உராஷிமா தாரோ என்ற மீனவன் திறக்கக் கூடாத பெட்டியைத் திறக்க, உள்ளிருந்து வந்த புகையில் தலை நரைத்துக் கிழவனானான் என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு, அந்தப் பெட்டியின் பெயர்தான் தமாதேபாகோ. அதனால் ஸ்டேஷனில் கதவு திறக்கும்போது கதவுக்கு மேலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாகப் பனிப்புகை வரும். நம் வண்டியிலும் புகை வரும், ஆனால் அது சைலன்சரிலிருந்து.

இன்னொன்று ஃபுதாட்சுபோஷி 4047, 2022 செப்டம்பரில் விட்டது, தகேயோ ஒன்செனிலிருந்து நாகசாகிக்கு. பெயரில் இருக்கும் நம்பரைப் பாருங்கள், 40, 47. மறைக்காமல் பழைய பெட்டியின் நம்பரையே பெயராக வைத்துவிட்டார்கள். காலையில் ஒரு வழியாக அரியாக்கே கடலோரம் போகும், மத்தியானம் வேறு வழியாக ஒமுரா விரிகுடா ஓரம் திரும்பும்.

என் யோசனை: ராத்திரிக்கு சன்ரைஸ், பகலுக்கு இபுசுகி வண்டி. தகமாட்சுவில் உதோன் சாப்பிட்டுவிட்டு ஒகயாமாவுக்குத் திரும்பி, அங்கே புல்லட் ரயில் சகுராவில் ஏறினால் நேராக ககோஷிமா.


நகோயா_தம்பி எழுதியது:

டீசல் பூனை அண்ணே, இது எனக்கே தெரியாது. நான் அந்த வெள்ளை கறுப்பு வண்டியில் போயிருக்கிறேன், புகையை வீடியோ எடுத்துவிட்டு உள்ளே தூங்கிவிட்டேன், பெட்டி நம் ஊர்ச் சொந்தக்காரன் என்று தோன்றவே இல்லை.

விட்ட இடத்திலிருந்து கணக்கு. உங்களுக்கும் அப்பாவுக்கும் ஜப்பான் ரயில் பாஸ் வாங்கலாம், 7 நாளுக்கு ஒரு ஆளுக்கு 50,000 யென். 2023 அக்டோபருக்கு முன்னால் 29,650 தான், திடீரென்று ஏற்றிவிட்டார்கள், அதிலிருந்து பலர் வாங்குவதில்லை. ஆனால் நீங்கள் தோக்கியோவிலிருந்து ககோஷிமா வரை போய்த் திரும்புவதாக இருந்தால் இன்னும் கட்டுப்படியாகும். தங்கைக்குப் பாஸ் கிடையாது, வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், அவளுக்குத் தனியாக முழு டிக்கெட். பாஸில் புல்லட் ரயில்களில் நோசோமி, மிசுஹோ இரண்டுக்கும் மேற்கொண்டு காசு கேட்பார்கள், சகுராவுக்கு இல்லை. சன்ரைஸில் நோபினோபி என்றால் பாஸே போதும். தனி அறை என்றால் எக்ஸ்பிரஸ் கட்டணமும் அறைக் கட்டணமும் கையிலிருந்து கட்ட வேண்டும், மோல்மீன் அக்கா சொன்ன மாதிரி அப்பாவுக்காக அதைக் கட்டிவிடுங்கள்.

டிக்கெட் சரியாக ஒரு மாதம் முன்னால் அதே தேதியில், ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நம் ஊரில் அப்போது ஏழரை. நல்ல அறைகள் டீ ஆறுவதற்குள் போய்விடும், அதனால் தங்கையை அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 29க்கு மேல் போகாதீர்கள், ஜப்பானில் அப்போது தொடர்ச்சியாக லீவு, நாடே ரயிலில்தான் இருக்கும்.

அவசரம் இல்லை, ஒரு வருடம் தள்ளிப் போடலாம் என்றால் இன்னொரு செய்தி. கிழக்கு ஜப்பான் கம்பெனி 2027 வசந்த காலத்தில் புதிதாக ஒரு ராத்திரி வண்டி விடுவதாக அறிவித்திருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்பிரஸ் பெட்டிகளையே மாற்றி, 10 பெட்டி, 120 பேர், எல்லாம் தனி அறை, நீல நிறம். குலுக்கல் ஜாதி இல்லை, இது கொஞ்சம் நம் பக்கம் இறங்கி வந்த வண்டி என்று நினைக்கிறேன். ஆனால் 71 வயதுக்காரரை ஒரு வருடம் காத்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.


இன்சீன்_கிழக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நேற்று ராத்திரி கரண்ட் வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

பழைய கார்டு ஐயா, அப்பாவிடம் கேட்டேன். அவர் மர்தபான் லைனில் ஒரு தமிழ் கார்டைத் தெரியும் என்கிறார், எப்போதும் வெற்றிலைப் பெட்டியும் ஒரு சிவப்புப் பிளாஸ்கும் வைத்திருப்பாராம், அது நீங்களா? தன்பியூசயாத் பற்றி எழுதியதையும் வாசித்தேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, "அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படி" என்றார், படித்தேன்.

அப்புறம் இபுசுகி வண்டி. டீசல் பூனை எழுதியதைப் படித்துவிட்டு போட்டோ தேடிக் காட்டினேன். உள்ளே மரச் சீட்டு, புத்தக அலமாரி எல்லாம் நான் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, "இதை விடு, வெளியே எடுத்த படம் இருக்கா" என்றார். வெளிப்படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையை எல்லாம் தாண்டி நேராகக் கீழே போய்விட்டார், பெட்டிக்கு அடியில், சக்கரங்களைத் தாங்கும் போகிக்கு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார். "அதே போகிதான். அலம்பி வெச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான், ஏழு நட்சத்திரத்தின் பேச்சையே அதற்கப்புறம் எடுக்கவில்லை. 220 குதிரைத்திறன் இன்ஜினையே இன்னும் வைத்திருக்கிறார்களா மாற்றிவிட்டார்களா என்று என்னைக் கேட்கிறார், எனக்கென்ன தெரியும்.

தங்கையிடம் பேசிவிட்டேன். சன்ரைஸ் ட்வின் கிடைத்தால் அப்பாவும் நானும், அவள் தனியாக ஒரு சோலோ. பத்து மணி டிக்கெட்டுக்கு அன்றைக்கு லீவு போடுகிறாள். எங்கள் வார்டில் ஏழரைக்குக் கரண்ட் இருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் நான் வெறும் மாரல் சப்போர்ட்.

ஒரே ஒரு தொந்தரவு. காலையில் பார்த்தால் அப்பா பழைய ஒர்க்‌ஷாப் இரும்பு ஸ்கேலை எண்ணெய் போட்டுத் துடைத்து, துணியில் சுற்றி, இன்னும் பேக்கே வாங்காத பயணத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார். 1067 இருக்கிறதா என்று ஒரு தடவை தானே அளந்து பார்க்க வேண்டுமாம், இத்தனை வருடம் பேப்பரில் படித்ததுதானே என்கிறார். ஜப்பான் பிளாட்ஃபாரத்திலிருந்து தண்டவாளத்தில் இறங்கினால் போலீஸ் வருமா?


டீசல்_பூனை எழுதியது:

போலீஸுக்கு முன்னால் அந்த லைனில் எல்லா வண்டியும் நிற்கும், அண்ணே, இறங்க விட்டுவிடாதீர்கள். ககோஷிமாவிலிருந்து திரும்பும்போது கோகுராவில் இறங்கி, மோஜிகோ வரை ஒரு கால் மணி நேரம் லோக்கல் வண்டியில் போங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கியூஷூ ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய இன்ஜினும் பெட்டியும் தண்டவாளத்தின் மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்க்கலாம். காவலாளியிடம் தங்கையை விட்டு முதலில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். ஸ்கேலைக் கைப்பையில் வைக்க வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள், லக்கேஜில் போடுங்கள்.


பழைய_கார்டு எழுதியது:

பிளாஸ்க் சிவப்பு இல்லை, பச்சை. மற்றபடி நான்தான்.